பழைய டைவ் வாட்ச்: அசலா, நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: 1960-70-களில் வந்த டைவ் வாட்ச் (முக்குளிப்பவர்களுக்கான கைக்கடிகாரம்) ஒன்றை வாங்க நினைக்கிறேன். விற்பவர் "எல்லாம் ஒரிஜினல், சர்வீஸ் ஆனது, தண்ணீரிலும் போடலாம்" என்கிறார். இதை எப்படிச் சரிபார்ப்பது?

விற்பவர் ஒரே மூச்சில் சொன்னது மூன்று வெவ்வேறு விஷயங்கள். அசலா என்பது ஒன்று, நன்றாக ஓடுகிறதா என்பது இன்னொன்று, தண்ணீர் புகாமல் இருக்குமா என்பது மூன்றாவது. மூன்றாவதுக்குப் பதில் சுருக்கம்: அழுத்தச் சோதனை செய்து பார்க்கும் வரை தண்ணீர் புகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கருவி வைத்து அளந்துவிடலாம். உண்மையான வேலை முதல் கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. டயல், முட்கள், கேஸ் (உலோக உடல்), பெசல் (டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையம்), மெஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்) எல்லாம் ஒரே வயதைச் சொல்கின்றனவா? ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒன்றாக இருந்த பாகங்கள் ஒன்றாகவே மூப்படையும். அவற்றில் ஒன்று மட்டும் இளமையாகத் தெரிந்தால் அது பின்னால் வந்து சேர்ந்தது. பின்னால் வந்ததெல்லாம் மோசடி ஆகிவிடாது. ஆனால் அது எப்போது வந்தது, யார் மாற்றியது, கேட்கும் விலையில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஒரிஜினல்" என்று விற்பவர்கள் சொல்வதற்குள் பல வகை ஒளிந்திருக்கிறது. முழுக்க முழுக்கப் போலி என்பது ஒரு வகை; கண்டுபிடிக்க எளிதானதும் இதுதான். கேஸ் அசல், டயலும் முள்ளும் வெளியார் செய்து விற்றவை என்பது இன்னொன்று. மூன்றாவது வகையில் எல்லாப் பாகமும் அதே கம்பெனியுடையதுதான், ஆனால் நாலைந்து வாட்ச்களிலிருந்து கழற்றிக் கோத்தது. நான்காவது, கம்பெனியின் சர்வீஸ் மையத்திலேயே பழைய டயலை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டது. அந்தக் காலத்தில் அதைச் சேவையாகவே செய்தார்கள். வாட்சை வேலைக்காகக் கட்டியவருக்கு இருட்டில் ஒளிராத டயல் பழுதான டயல்தான். அந்தப் பழுப்பேறிய டயலுக்குப் பின்னாளில் மதிப்பு ஏறும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

மூன்றாவது வகையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2021-இல் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில் 1957-ஐச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. அது பல இடத்துப் பாகங்களைச் சேர்த்துக் கோத்த வாட்ச் என்று 2023-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அது டைவ் வாட்ச் இல்லைதான். ஆனால் தயாரித்தவர்களையே ஏமாற்ற முடிந்திருக்கிறது என்றால், போட்டோவைப் பார்த்து "அசல் மாதிரி இருக்கே" என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு எடை இருக்க முடியும்?

ஆகவே முதல் வேலை, வாட்சைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மாடலைப் படிப்பது. "பழைய டைவ் வாட்ச்" என்று பொதுவாகத் தேடாமல் ஒரே ஒரு மாடல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வந்தது, எத்தனை வகை டயல், எந்த மெஷின், கிரவுன் (பக்கவாட்டில் நேரம் திருத்தும் குமிழ்) திருகிப் பூட்டுவதா இல்லையா, பெசல் இரண்டு பக்கமும் சுற்றுமா என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிட்ட படங்கள், அந்தக் கால விளம்பரங்கள், கேட்லாக்குகள் இவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நல்லது என்று உறுதியான இருபது முப்பது படங்களைப் பார்த்த கண்ணுக்குத் தப்பான எழுத்து தானாகவே உறுத்தும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: டயல் நேராக, நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் கேஸின் விளிம்புகள், ஸ்ட்ராப் கழற்றிய நிலையில் காதுகளுக்கு (ஸ்ட்ராப் மாட்டும் கேஸின் நீட்சிகள்) நடுவே, பின்மூடியின் வெளிப்பக்கமும் உட்பக்கமும், மெஷின், விளக்கை அணைத்தபின் டயல். பின்மூடி திறந்த படம் தரத் தயங்குபவரிடம் அதிக விலைக்கு வாங்காதீர்கள். "திறந்தால் தண்ணீர் புகும்" என்று காரணம் சொல்வார்கள். பின்மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறோம், அதனால் அது காரணமே இல்லை.

இனி டயல். மதிப்பில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, தில்லுமுல்லும் இங்கேதான் அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் பாருங்கள். நல்ல தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், மை லேசாக மேடாக நிற்கும், ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பின்னால் திரும்பப் பூசி அச்சடித்த டயலில் ஓரம் கசிந்திருக்கும், வரிகளின் இடைவெளி ஏறி இறங்கும், நிமிடக் கோடுகள் விளிம்பில் சமமாக முடியாது. தேதி ஜன்னலின் ஓரங்களையும் பாருங்கள். மறுபூச்சு செய்தவர்கள் அங்கே வண்ணத்தை வழியவிட்டிருப்பார்கள்.

ஆறு மணிக்குக் கீழே, டயலின் அடிவிளிம்பில் இருக்கும் பொடி எழுத்துதான் வயதைக் காட்டிக்கொடுக்கும். சுவிஸ் வாட்ச்களில் 1960-களின் தொடக்கம் வரை ஒளிர் பூச்சுக்கு ரேடியம் பயன்பட்டது. அப்புறம் டிரிடியம் வந்தது. அதைக் குறிக்க 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' எழுத்தைப் போட்டார்கள். 'டி' எழுத்தோடு 25 என்ற எண்ணும் சேர்ந்து வரும் டயல்களும் உண்டு. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த லூமினோவா, கதிரியக்கம் இல்லாதது. 1990-களின் இறுதியில் சுவிஸ் கம்பெனிகள் அதற்கு மாறின. ஆகவே 1970-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் சுவிஸ் டைவ் வாட்சின் டயலில் 'டி' இல்லாமல் வெறும் 'சுவிஸ் மேட்' என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் சர்வீஸில் மாற்றிய பிற்கால டயல். விற்பவர் இதைச் சொல்லி விற்றால் நேர்மை. சொல்லாமல் "பிறந்தபோது இருந்த டயல்" என்றால் நடையைக் கட்டுங்கள். ஜப்பானின் சீக்கோ வாட்சில் இந்த 'டி' கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே அடிவிளிம்பில் டயலுக்கென்று தனியாக ஒரு குறியீடு இருக்கும். அது கேஸ் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகத் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இந்தப் பூச்சை இருட்டில் சோதிப்பது எளிது. டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. 1965-இல் பூசியதில் அறுபது ஆண்டு கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 3 சதவீதம்தான். அதோடு, பூச்சில் கலந்து ஒளிரும் துத்தநாக சல்பைடும் களைத்துப் போயிருக்கும். டார்ச் வெளிச்சத்தை அரை நிமிடம் காட்டிவிட்டு அணைத்தால், பழைய பூச்சு சில வினாடிகள் மினுக்கிவிட்டு மங்கும், அல்லது ஒன்றுமே செய்யாது. பத்து நிமிடம் பளபளவென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது புதுப் பூச்சு. புற ஊதா டார்ச் வைத்திருந்தால் இன்னும் நல்லது. டயல் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி பதில் தர வேண்டும். பன்னிரண்டில் பதினொன்று மங்கலாகவும் ஒன்று மட்டும் பிரகாசமாகவும் இருந்தால் அந்த ஒன்று உதிர்ந்து, திரும்பப் பூசப்பட்டிருக்கிறது.

முட்களின் பூச்சு டயலின் நிறத்தோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி இல்லை. முள்ளில் பூச்சு உலோகச் சட்டத்துக்குள் நிற்கிறது, டயலில் தட்டையான பரப்பில் ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஈரமும் வெயிலும் பட்ட விதம் வேறு. லேசான நிற வித்தியாசம் இயல்பே. டயல் பழுப்பாகவும் முள் பால்வெள்ளையாகவும் இருப்பதுதான் சந்தேகத்துக்கு உரியது. இதற்கு மறுதலையாக, எல்லாமே ஒரே சீரான காபி நிறத்தில் அழகாக இருந்தாலும் நிதானியுங்கள். வண்ணம் கலந்து "பழசாக்கிய" பூச்சு அப்படித்தான் தெரியும். லென்ஸில் பார்த்தால் இயற்கையாக மூத்த பூச்சில் நுண்ணிய வெடிப்பும், மணல் போன்ற சொரசொரப்பும், ஆங்காங்கே கரும்புள்ளியும் இருக்கும். போலியாகச் சாயமேற்றியது ஒரே நிறத்தில் வழவழப்பாக இருக்கும்.

ரேடியம் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. 1950-களின் டயல் இருட்டில் ஒளிராமல் போயிருக்கலாம், ஆனால் கதிர்வீச்சு குறையவே இல்லை. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைக் கண்ணாடியின் மேல் வைத்தால் சத்தம் போடும். டிரிடியத்தின் கதிர் வலுவற்றது, கண்ணாடியைத் தாண்டி வராது. ஆகவே இந்தக் கருவி நல்ல சாட்சி: 1955 வாட்ச் என்று சொல்லி, கருவி வாயே திறக்கவில்லை என்றால் டயலையும் முள்ளையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ரேடியம் டயலில் முள் வெகுநாள் நின்ற இடத்தில் தீய்ந்த நிழல் விழுந்திருப்பதையும் பார்க்கலாம். அதை வேண்டுமென்று உண்டாக்குவது கடினம். ரேடியம் வாட்சை வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதும் வாயில் படுவதும்தான் ஆபத்து. அதற்கான பாதுகாப்போடு வேலை செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஈரத்தால் டயல் கெட்டிருப்பதை "டிராபிகல்" என்று அழகுபடுத்திச் சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கறுப்பு டயல் முழுவதும் சீராக சாக்லேட் நிறத்துக்கு வந்திருந்தால் அந்தப் பெயர் தகும். ஓரத்தில் மட்டும் கொப்புளம், ஆறு மணிப் பக்கம் வெள்ளைப் பூஞ்சை, மெருகு உரிந்து சுருண்டிருப்பது இதெல்லாம் தண்ணீர் புகுந்த அடையாளம். டயலில் அது தெரிந்தால் உள்ளே மெஷினிலும் துரு இருக்கும் என்று எதிர்பார்த்தே திறக்க வேண்டும்.

அடுத்தது கேஸ். டயலுக்கு அடுத்தபடி திரும்பக் கிடைக்காதது இதுதான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது, போனது போனதுதான். காதுகளை மேலிருந்து பாருங்கள்: நான்கும் ஒரே தடிமனா? விளிம்பில் தொழிற்சாலை சீவிய சரிவுக்கோடு இருந்த மாடல் என்றால் அந்தக் கோடு இன்னும் கூர்மையாக ஓடுகிறதா? ஸ்பிரிங் பாருக்கான (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கம்பி) துளை காதின் ஓரத்தை நெருங்கியிருக்கிறதா? கிரவுனைக் காக்கும் இரண்டு தோள்களும் ஒரே உயரமா? பாலிஷ் சக்கரத்தில் அதிகம் காட்டிய கேஸ் சோப்புக்கட்டி மாதிரி எல்லா மூலையும் உருண்டு கிடக்கும். நன்றாகக் கீறல் விழுந்த, ஆனால் பாலிஷ் படாத கேஸும், கண்ணைப் பறிக்கும் பளபளப்பான கேஸும் ஒரே விலைக்கு வந்தால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன். இப்போது லேசர் வெல்டிங் செய்து, தேய்ந்த காதுகளில் உலோகம் சேர்த்து, பழைய சரிவைத் திரும்பச் செதுக்குகிறார்கள். கை தேர்ந்தவர் செய்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் "பாலிஷ் படாதது" என்ற சொல்லுக்குத் தனி விலை கேட்டால் அதைத் தனியாக நிரூபிக்கச் சொல்லுங்கள்.

எண்கள். ரோலெக்ஸ் சப்மரைனர் போன்றவற்றில் பன்னிரண்டு மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவே மாடல் எண்ணும், ஆறு மணிப் பக்கம் வரிசை எண்ணும் இருக்கும். ஸ்ட்ராப்போ செயினோ கழற்றினால்தான் தெரியும். கோடுகள் ஆழமாக, உள்ளே ஒளியை வாரிப் பளபளக்கும்படி சுத்தமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மணல் தெறித்தது போன்ற புள்ளிகளால் ஆன எண் சந்தேகத்துக்கு உரியது. 1960-களின் ரோலெக்ஸ் பின்மூடியின் உட்புறத்தில் ரோமன் எண்ணில் காலாண்டும் பக்கத்தில் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அது வரிசை எண் சொல்லும் காலத்தோடு நெருங்கி வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: சப்மரைனர் 5513 மாடலின் பின்மூடிக்குள் 5512 என்ற இன்னொரு மாடல் எண் இருந்தால் பதறாதீர்கள். இரண்டுக்கும் ஒரே கேஸ் என்பதால் தொழிற்சாலையிலேயே அப்படி வந்தவை நிறைய. ஒத்துப்போகாதது எல்லாம் மோசடி என்று எண்ணினால் நல்ல வாட்சைக் கைவிட நேரும். மாடலைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சீக்கோவில் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எண்ணுக்குப் பதில் அந்த மாதத்தின் முதலெழுத்து. பத்தாண்டு எது என்பதை அந்த மாடல் வந்த காலத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 6309-7040 மாடல் 1976 முதல் 1988 வரை வந்தது. அதில் 8-இல் தொடங்கும் எண் 1978-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். ஆனால் 1970 முதல் 1977 வரை வந்த 6105-8110-இல் 9-இல் தொடங்கும் எண் இருந்தால் பின்மூடி வேறு வாட்சிலிருந்து வந்தது. சோவியத் வாஸ்டாக் ஆம்பிபியாவில் இன்னும் எளிது: டயலில் 'சோவியத் ஒன்றியத்தில் தயாரானது' என்று இருந்தால் அந்த டயல் சோவியத் காலத்தது, பெரும்பாலும் 1991-க்குள் வந்தது. அந்த டயலோடு நேற்று வந்த பெசலும் கேஸும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

1960-களில் பல சுவிஸ் கம்பெனிகள் எர்வின் பிக்கெரஸ் என்ற கேஸ் தொழிற்சாலையிடமிருந்து 'சூப்பர் கம்ப்ரெஸர்' கேஸ்களை வாங்கின. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமே பின்மூடியை ரப்பர் மீது இறுக்கும்படி அமைந்தவை அவை. பின்மூடியின் உள்ளே முக்குளிப்பவர் தலைக்கவச முத்திரை இருக்கும். இரண்டு கிரவுன் இருப்பதால் மட்டும் ஒரு வாட்ச் சூப்பர் கம்ப்ரெஸர் ஆகிவிடாது, முத்திரையைக் கேளுங்கள். அதன் குறுக்குக்கோட்டு கிரவுன்கள் தொலைந்து, வழவழப்பான ஏதோ ஒன்று மாட்டியிருப்பதும் அடிக்கடி காணக்கூடியது.

பின்மூடியைத் திறந்ததும் ரப்பர் உட்காரும் பள்ளத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உப்பும் வியர்வையும் தேங்கி உலோகத்தில் குழி விழுந்திருந்தால் எந்தப் புது ரப்பரும் அங்கே முழுசாக ஒட்டாது. மூடியின் மரைகளும் கிரவுன் ஏறும் குழாயின் மரையும் அப்படித்தான். கிரவுன் குழாயை மாற்றிவிடலாம். கேஸில் விழுந்த குழியைச் சரிசெய்வது பெரிய வேலை.

பெசல், கண்ணாடி, கிரவுன் மூன்றும் தேய்மானப் பொருட்கள். மாற்றியிருந்தால் வியப்பில்லை. பெசலில் எண்கள் பொறித்த அலுமினியத் தகடு வெயிலில் வெளுத்துச் சாம்பலாவது உண்டு, பிளீச்சில் ஊறவைத்து வெளுக்க வைப்பதும் உண்டு. இயற்கையாக வெளுத்ததில் எண்களின் ஓரமும் பக்கச் சரிவும் ஒரே அளவு வெளுத்திருக்காது. பேக்கலைட் (பழைய கால பிளாஸ்டிக்) பெசல் வெடிக்காமல் அசலாக இருந்தால் அது அரிது, அந்த அரிதுக்கு ஏற்ற கவனத்தோடு பாருங்கள். பெசல் சுற்றும் விதமும் மாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய டைவ் வாட்ச்களில் பல இரண்டு பக்கமும் சுற்றுபவை. அவற்றில் ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் ஏதோ மாறியிருக்கிறது. கிரவுனும் அப்படியே. சீக்கோ 6105-8110-இன் கிரவுன் திருகி ஏறுவதில்லை, அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 6309-7040-இல் மரை உண்டு.

மெஷினைப் பற்றிப் பலர் அதிகம் பயப்படுகிறார்கள். எனக்கு டயலும் கேஸும் நன்றாக இருந்தால் மெஷின் கவலை பாதியாகிவிடும். அதை அவிழ்த்துக் கழுவி எண்ணெய் போட முடியும், பாகம் தேட முடியும். ஆனால் மெஷின் தரும் தகவல் மிக உறுதியானது. பின்மூடியைத் திறக்காமலேயே சிலது தெரியும். சீக்கோ 6309 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, கிரவுனை இழுத்தால் வினாடி முள் நிற்காது. விற்பவர் கொடுக்கும் 6309 வாட்சில் சாவி கொடுக்க முடிகிறது, வினாடி முள்ளும் நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது சீக்கோவின் என்.எச். வரிசைப் புது மெஷின் என்று ஏறத்தாழத் தீர்மானித்துவிடலாம்.

டைம்கிராபர் என்ற ஒலி அளவி இருந்தால் மெஷினின் துடிப்பு வேகமே அடையாள அட்டை. ஒமேகா சீமாஸ்டர் 300, 165.024 மாடலில் வரும் 552 மெஷின் மணிக்கு 19,800 துடிப்பு. ரோலெக்ஸ் 5513-இல் வந்த 1530 மெஷின் 18,000, பின்னால் வந்த 1520 மெஷின் 19,800. இவை எதுவாக இருக்க வேண்டுமோ அங்கே கருவி 28,800 என்று காட்டினால் உள்ளே நவீன மெஷின். அப்புறம் பேச்சே இல்லை. ஆனால் எண் சரியாக வந்துவிட்டால் மட்டும் அசல் ஆகிவிடாது. 552 மெஷின் அந்தக் காலத்துச் சாதாரண சீமாஸ்டர்களிலும் வந்தது. மலிவான வாட்சிலிருந்து மெஷினை எடுத்து, தனியாக வாங்கிய கேஸிலும் டயலிலும் கோத்த சீமாஸ்டர் 300-கள் சந்தையில் ஏராளம். ஒமேகாவில் வரிசை எண் மெஷினில் இருப்பதால் அதை வைத்து ஆண்டைக் கணித்து, கேஸின் மாடலோடும் டயலின் வகையோடும் பொருத்திப் பாருங்கள்.

அதே கருவியில் நிலையும் தெரியும். முழுக்கச் சாவி ஏற்றி, டயல் மேல்நோக்கி இருக்க, பாலன்ஸ் வீலின் (இரு பக்கமும் ஊசலாடி நேரத்தைக் காக்கும் சக்கரம்) வீச்சு 270 பாகைக்கும் 300 பாகைக்கும் இடையே வந்தால் நல்ல ஆரோக்கியம். பழைய மெஷினில் 240 என்றாலும் நான் ஏற்றுக்கொள்வேன். 200-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது அல்லது தேய்மானம் இருக்கிறது. மெஷினுக்கு உரிய லிஃப்ட் கோணத்தை (வீச்சைக் கணக்கிடக் கருவிக்குத் தர வேண்டிய அளவு) அதில் சரியாக வைத்தால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம். துடிப்புப் பிழை (ஊசலின் இரு பக்கத் துடிப்புகளுக்கு இடையேயான நேர வித்தியாசம்) ஒரு மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது. ஒரே நிலையில் அளந்த படத்தை வைத்துத் திருப்திப்படாமல் கிரவுன் கீழே, கிரவுன் மேலே என்று நான்கைந்து நிலையில் கேளுங்கள். படுத்திருக்கும்போது அழகாக ஓடி, நிமிர்த்தினால் வீச்சு 80, 90 பாகை விழுகிற மெஷின் அண்மையில் ஒழுங்காக சர்வீஸ் ஆனதில்லை.

கண்ணால் பார்க்கும்போது கிரவுன் தண்டும் அதைச் சுற்றிய பகுதியும்தான் முதல் இடம். தண்ணீர் நுழையும் வழி பெரும்பாலும் அது. அங்கே ஆரஞ்சு நிறத் துரு, ரோட்டரின் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) ஓரத்தில் உரசிய வட்டக்கோடு, திருகுகளின் தலையில் பிய்ந்த வெட்டு, பல விதமான திருகுகள் கலந்திருப்பது இவையெல்லாம் வாட்சின் வரலாறு. "சர்வீஸ் ஆனது" என்பவர் யார் செய்தது, எந்த ஆண்டு, எதை மாற்றினார்கள் என்று எழுதிய ரசீதைக் காட்ட வேண்டும். ரசீது இல்லையென்றால் சர்வீஸ் ஆகவில்லை என்று வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பெரிய பெயர் இல்லாத அந்தக் கால டைவ் வாட்ச்களுக்கு இந்தச் சந்தேகம் பாதிகூட வேண்டாம். ஈ.டி.ஏ., ஏ. ஷில்ட் போன்ற மெஷின் தொழிற்சாலைகளிடம் வாங்கிப் பொருத்தி விற்ற சிறு கம்பெனிகள் நிறைய இருந்தன. அவற்றைப் போலியாகச் செய்ய யாருக்கும் ஆசை வராது. அங்கே பார்க்க வேண்டியது கேஸ் முழு எஃகா, பித்தளை மேல் குரோம் பூச்சா என்பது. குரோம் உரிந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் அதைத் திரும்பக் கொண்டுவருவது லாபமில்லாத வேலை. முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்வது இந்த வகையில் நல்ல எஃகு கேஸ் உள்ள ஒன்றைத்தான். அசல் பூச்சு எப்படி மூப்படையும், பாலிஷ் படாத விளிம்பு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் குறைந்த செலவில் கையில் வைத்துப் பழகலாம்.

நேர் எதிர்ப்பக்கம் ராணுவ வாட்ச்களும் சின்னம் அச்சிட்டவையும். பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன ரோலெக்ஸ், ஒமேகா டயல்களில் வட்டத்துக்குள் 'டி'. பிரெஞ்சுக் கடற்படைக்குப் போன டூடர் வாட்ச்களின் பின்மூடியில் 'எம்.என்.' எழுத்தும் ஆண்டும், கோமெக்ஸ் முக்குளிப்பு நிறுவனத்தின் பெயர் போட்ட ரோலெக்ஸ், யு.எஸ். டைவர்ஸ் நிறுவனத்தின் சின்னம் போட்ட டாக்ஸா. ஒரு வட்டம் அல்லது நாலு எழுத்து சேர்ந்தால் விலை பல மடங்கு ஆகிறது. அந்த எழுத்தைச் சேர்க்க ஒரு நாள் போதும். ஆகவே இவற்றில் வாட்சைவிட அதன் வழித்தடத்தைத்தான் சோதிக்க வேண்டும்: வழங்கியதைக் காட்டும் பதிவு, கை மாறிய ஒவ்வொரு இடத்துக்கும் ஆதாரம், அந்த வகையை மட்டுமே பல்லாண்டு பார்த்த ஒருவரின் நேரடி ஆய்வு. "என் தாத்தா கடற்படையில் இருந்தார்" என்ற கதை ஆதாரம் ஆகாது. பழைய பெட்டியும் உத்தரவாத அட்டையும்கூடத் தனியாக விற்பனைக்குக் கிடைப்பவைதான். அட்டையில் உள்ள எண்ணும் வாட்சின் எண்ணும் ஒன்றாக இருந்தாலொழிய அவற்றுக்குத் தனி விலை தராதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர். டைவ் வாட்சுக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ. 6425 தரநிர்ணயம் வந்ததே 1982-இல். அதற்கு முன் டயலில் எழுதிய 200 மீட்டர் என்பது அந்தந்தக் கம்பெனி தன் சோதனையை வைத்துச் சொன்னது, அதுவும் புதிதாக இருந்த அன்றைக்கு. ரப்பர் இறுகிப்போகிறது, அக்ரிலிக் கண்ணாடி சுருங்கி ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடுகிறது, கிரவுன் குழாய் தேய்கிறது. எல்லா வளையங்களையும் மாற்றியபின் முதலில் காற்றழுத்தத்தில் உலர் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் கேஸ் விரியும் அளவை அளந்து கசிவு தெரிந்துவிடும், உள்ளே ஒரு சொட்டும் போகாது. அதில் தேறினாலும் மழைக்கும் கை கழுவுவதற்கும் போதும் என்று நிறுத்திக்கொள்வேன். முக்குளிக்க வேண்டுமென்றால் புது வாட்ச் வாங்குங்கள். அசல் டயலும் முள்ளும் உள்ள பழையதைக் கடலில் இறக்கி ஒரு ரப்பர் வளையத்தின் மேல் பந்தயம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் நான்கு வாக்கியம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: டயலும் முட்களும் மறுபூச்சு ஆனவையா, இல்லையா, எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது, மெஷின் அந்த மாடலுக்கு உரியதுதானா, நீங்கள் நம்பும் வாட்ச் மெக்கானிக் திறந்து பார்த்து மாறுபட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வார். இதை எழுதித் தர முடியாது என்பவர், முதலில் சொன்ன "எல்லாம் ஒரிஜினல்" என்பதற்கும் பொறுப்பேற்க மாட்டார். எழுதித் தந்துவிட்டால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். முதல் வாரம் கட்டி ரசித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.